மறதியும் பிரிவுத் துயரும்: இல்லத்தார்க்கு ஒரு பாடம்



ஏர்க்காட்டில் ஓர் இல்லம் எனக் கொள்வோம். தாத்தா மறைந்து மூன்று திங்கள் ஆகின்றன. மறதி நோயுற்ற பாட்டி நாள்தோறும், "அவர் எங்கே?" என வினவுகிறார். "அப்பா இறந்துவிட்டாரே, அம்மா" என்று மகன் கூறினால், அப்போதுதான் கேட்பவர்போல் கதறுகிறார். சற்று நேரத்தில் மீண்டும் அதே வினா. என் செய்வது?

காரணத்தை முதலில் அறிவோம். 1906ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அல்சைமர் எடுத்துரைத்த இந்நோயில், புதிய செய்திகளைப் பதிக்கும் மூளைப்பகுதி முற்பட நலிகிறது. பழைய நினைவுகள் நெடுநாள் தங்குகின்றன. ஆகவே இறப்புச் செய்தி நிலைப்பதில்லை. இல்லற நினைவு நிலைக்கிறது. இது பிடிவாதமன்று.

இறப்பை ஒருமுறை எளிய சொற்களால் கூறிவிடுங்கள். பின்னர் எழும் வினாவில் உள்ள ஏக்கத்திற்கு விடையளியுங்கள். பேத்தி கைபற்றி அமர்ந்து, "தாத்தாவைத் தேடுகிறதா பாட்டி? அவரோடு சேர்வராயன் கோயில் மலைக்குப் போனதைச் சொல்லுங்களேன்" எனலாம். மலையுச்சிக் காற்றும், குனிந்து நுழைந்த குகைக் கோயிலும், மே மாதத் திருவிழாவும் அவர் நாவில் வரும். இதில் பொய்யும் இல்லை, புண்படுத்தலும் இல்லை. "இறந்துவிட்டாரா?" என அவரே நேராகக் கேட்பின், மெய்யையே மெல்லக் கூறுங்கள்.

குழப்பம் ஓரிரு நாளில் திடீரென மிகுந்தால் துயரம் என்றெண்ணி வாளாவிராமல், நோய்த்தொற்று உண்டோவென மருத்துவரிடம் காட்டுக.

தந்தையை இழந்த மகனும், இரவெல்லாம் விழித்திருக்கும் மருமகளும் துயருற்றோரே. முறைவைத்துப் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்னும் அரசு எண்கள் உள்ளன.

பயிற்சி: தாத்தாவின் பழைய நிழற்படம் ஒன்றைப் பாட்டியிடம் கொடுத்து, வினவாது, திருத்தாது, அவர் சொல்வதைக் கேளுங்கள்.