பச்சைத் தண்ணீரும் மீத்தேனும்

காட்பாடி கழிஞ்சூர் ஏரிக்கரைப் பக்கம் போறீங்களா? தண்ணீரின் நிறத்தைக் கொஞ்சம் கவனிங்க.

ஆக்சிஜன் இல்லாத அடிச்சேற்றில்தான் மீத்தேன் உருவாகும் என்று படித்திருப்போம். அது பாதிதான். 2011-இல் ஜெர்மனியின் ஸ்டெக்லின் ஏரியில், ஆக்சிஜன் நிறைந்த மேல்நீரிலும் மீத்தேன் உருவாவதை ஆய்வாளர்கள் கண்டனர். நீலப்பச்சைப் பாசியே அதை வெளியிடுவதை 2020-இல் வந்த ஆய்வு காட்டியது. 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைவிட மீத்தேன் சுமார் 28 மடங்கு வெப்பமூட்டும்.

ஆழம் குறைந்த ஏரியில் சேறும் பாசியும் பக்கத்துப் பக்கத்தில். வீட்டுச் சாக்கடைதான் பாசிக்கு உரம். அதை ஏரியில் விடாதீங்க. வேறு யாராவது விட்டால், இடத்தைக் குறித்துக்கொண்டு 1100 என்ற முதல்வர் உதவி மைய எண்ணில் சொல்லுங்க.