மீனுக்குச் சிவப்பு ஒயின்

அன்புள்ள தம்பி,

‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ (1963) பார்த்துவிட்டு எழுதியிருக்கிறாய். ரயிலில் கிரான்ட் மீனோடு சிவப்பு ஒயின் கேட்டதை வைத்தே, அவன்தான் எதிரி என்று பாண்ட் பிடித்துவிட்டான் என்கிறாய். இதையே பலரும் சொல்லிக் கேட்டுச் சலித்துவிட்டேன். அந்தக் காட்சியை மறுபடி போட்டுப் பார். பாண்ட் எங்கே பிடித்தான்? கிரான்ட் அவனை அடித்து வீழ்த்தி, மண்டியிட வைத்துத் துப்பாக்கியை நீட்டிய பிறகல்லவா ஒயின் விஷயம் பாண்டின் வாயில் வருகிறது! மீனுக்கு வெள்ளை ஒயின்தான் என்பது மேட்டுக்குடி விருந்து மேசையின் பாடம். அதை உளவறிவு என்று எண்ணுவது பாண்டின் கர்வம். கிரான்டும் அதைத்தான் குத்திக்காட்டுகிறான்: ஒயின் தெரிந்தவன் நீ, ஆனால் மண்டியிட்டிருப்பவனும் நீதான்.

ராபர்ட் ஷா நடித்த இந்தக் கிரான்டைக் கூர்ந்து பார். படத்தின் பெரும்பகுதியில் அவன் வாயே திறப்பதில்லை. இஸ்தான்புல் அருகே ஜிப்சி முகாம் சண்டையில் பாண்டின் உயிரைக் காப்பாற்றுபவனே அவன்தான். லெக்டர் என்ற சோவியத் ரகசியக் குறியீட்டுக் கருவி கைக்கு வரும்வரை பாண்ட் உயிரோடு வேண்டும், அதனால்! கதாநாயகனுக்குக் கொலைகாரனே மெய்க்காவலன். இதைவிட நல்ல பாத்திர அமைப்பை இந்த வகைப் படங்களில் நான் கண்டதில்லை.

இயான் ஃப்ளெமிங்கின் மூலநாவலை (1957) நான் படித்தபோது வியந்தது வேறொன்று. நாவலின் முதல் மூன்றில் ஒரு பங்கில் பாண்ட் நேரில் வருவதே இல்லை. ரஷ்யர்கள் உட்கார்ந்து பொறியைத் திட்டமிடுகிறார்கள். படம் அவர்கள் இடத்தில் ஸ்பெக்டர் என்ற குற்றக் கும்பலை வைத்தது. ரயிலில் நாவலின் பாண்ட் கிரான்டின் குண்டிலிருந்து தப்புவது, எரிக் ஆம்ப்ளரின் நாவல் ஒன்றுக்குள் சிகரெட் பெட்டியைச் செருகி நெஞ்சில் பிடித்ததால். சாமர்த்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது யாருடைய குணத்திலிருந்தும் பிறக்கவில்லை. படத்திலோ பாண்ட் தங்கக் காசுகளைக் காட்டி ஆசை மூட்டுகிறான். இன்னொரு பெட்டியிலும் இருக்குமென்று கிரான்டே அதைத் திறக்க, கண்ணீர்ப்புகை முகத்தில் வெடிக்கிறது. அதன்பின்தான் அந்தக் குறுகிய ரயில் அறைக்குள் புகழ்பெற்ற சண்டை. கிரான்டை முதலில் வீழ்த்தியது அவன் பேராசை. மூலத்தை மாற்றினாலே கெடுத்துவிட்டார்கள் என்று புலம்பும் வாசகர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

கடைசியில் விஷக்கத்திச் செருப்போடு வரும் ஸ்பெக்டரின் ரோசா கிளெப்பைச் சுடுவதும் பாண்ட் அல்ல, தத்தியானா. ரஷ்ய அரசுக்காக வேலை செய்வதாக நம்பி, தெரியாமலே ஸ்பெக்டருக்கு உழைத்தவள், சுடவேண்டியது யாரை என்று தானே முடிவு செய்கிறாள்.

வில்லன் தோற்கத்தானே போகிறான் என்று அசட்டையாகப் பார்க்காதே. எதனால் தோற்கிறான் என்று பார். அடுத்த கடிதத்தில் பாண்டைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். இஸ்தான்புல்லில் பாண்டுக்கு உதவும், தன் மகன்களையே வேலைக்கு வைத்திருக்கும் கெரிம் பேயைப் பற்றி எழுது. பெத்ரோ அர்மெந்தாரிஸ் கடும் நோயோடு நடித்த கடைசிப் பாத்திரம் அது. அனுதாபத்தை ஒதுக்கிவிட்டு, கதைக்குள் அவர் செய்யும் வேலையை மட்டும் எடை போடு.

அன்புடன்,
உன் ஆசிரியர்