தோட்டத்து வீட்டுக்கு எத்தனை கிலோவாட் சோலார் போடலாம்?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் தோட்டத்து வீடுகளின் மொட்டைமாடிகளில் சோலார் பேனல்கள் அதிகமாகத் தென்படுகின்றன. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டு கிலோவாட்டுக்கு ரூ.60,000, மூன்று கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் ரூ.78,000 மானியம் உண்டு. முழு மானியமும் கிடைக்கட்டும் என்று மூன்று கிலோவாட்டாகவே போடச் சொல்லும் விற்பனையாளர்கள் பலர். கையில் பணம் இல்லாதவர்கள் வங்கிக் கடன் வாங்கியும் போடுகிறார்கள். கடன் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பழைய மின் அட்டையை எடுத்து ஒரு கணக்குப் பார்த்துவிடுவது நல்லது.

இருவழி மீட்டர்

பகலில் பேனல் தரும் மின்சாரத்தை வீடு முதலில் பயன்படுத்திக் கொள்ளும். மிஞ்சுவது மின்வாரியக் கம்பிக்குப் போகும். இரவில் வாரிய மின்சாரம் வீட்டுக்கு வரும். இந்த வரவு, செலவு இரண்டையும் குறிப்பதற்காகப் பழைய மீட்டரை எடுத்துவிட்டு இருவழி மீட்டர் பொருத்தப்படுகிறது. வாங்கிய யூனிட்டில் கொடுத்த யூனிட்டைக் கழித்து, மீதிக்கு மட்டும் கட்டணம் போடுவதுதான் நெட் மீட்டரிங் என்ற நிகர அளவீட்டு முறை. நெல் கொடுத்து நெல் வாங்குவது போன்றது என்று கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இந்த முறை நேராக வந்து நிலைத்துவிடவில்லை. 2012-ல் அறிவிக்கப்பட்ட சூரிய மின்சக்திக் கொள்கையைத் தொடர்ந்து, 2013 நவம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு உத்தரவு பிறப்பித்தது. 2019-ல் அது மாற்றப்பட்டது. அப்போது கம்பிக்குக் கொடுத்த யூனிட்டுக்கு ரூ.2.28 மட்டுமே வரவு வைக்கப்பட்டது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல் ஓடிய வீடுகளோ, தாங்கள் வாங்கும் மேல்படி யூனிட்டுக்கு அதைப்போல் இரு மடங்குக்கு மேல் கொடுத்துக் கொண்டிருந்தன. நெல்லுக்கு நெல் என்றிருந்தது, நெல்லைக் குறைந்த விலைக்கு விற்று அரிசியைக் கூடுதல் விலைக்கு வாங்கும் கதையாயிற்று. 2021-ல் வந்த புதிய விதிகளில் வீட்டு இணைப்புகளுக்கு நிகர அளவீடு மீண்டும் கிடைத்தது.

கணக்குப் பார்க்கும் முறை

நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மூடாக்கில் இது குறையும். மாசி, பங்குனியில் கூடும்.

இனிக் கட்டணம். 2022 செப்டம்பர் 10-ல் வந்த கட்டணத்தையே எடுத்துக் கொள்ளலாம். அதன் பிறகு விலை சற்று ஏறியிருந்தாலும் படிகளின் அமைப்பு அதேதான். இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் அடுத்த 100-க்கு ரூ.2.25, அடுத்த 200-க்கு ரூ.4.50, கடைசி 100-க்கு ரூ.6. மொத்தம் 500-ஐத் தாண்டினால் ரூ.2.25 என்ற படியே கிடையாது. 101 முதல் 400 வரை ரூ.4.50 ஆகிவிடும். 500-க்கு மேல் ரூ.8 முதல் ரூ.11 வரை ஏறிக்கொண்டே போகும். இதனால் 500 யூனிட் ஓடிய வீட்டுக்கு ரூ.1,725 வந்தால், 501 ஓடிய வீட்டுக்கு ரூ.1,958 வரும். ஒரே ஒரு யூனிட்டுக்கு ரூ.233!

இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடும் ஒரு வீடு என்று வைத்துக் கொள்வோம். பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார், கிரைண்டர், கோடையில் ஒரு ஏ.சி. உள்ள வீடு. பில் ரூ.2,750. ஒரு கிலோவாட் போட்டால் நிகர யூனிட் 360 ஆகும், பில் ரூ.945. மிச்சம் ரூ.1,805. இரண்டாவது கிலோவாட்டையும் போட்டால் நிகரம் 120, பில் ரூ.45. கூடுதல் மிச்சம் ரூ.900. மூன்றாவதையும் போட்டால்? அந்த ரூ.45-ம் போகும். அவ்வளவுதான். மூன்றாவது கிலோவாட் இரண்டு மாதத்துக்கு மிச்சப்படுத்துவது நாற்பத்தைந்து ரூபாய்.

மானியத்தைக் கணக்கிட மத்திய அரசு எடுத்துக் கொண்ட அடிப்படை விலை, முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா ரூ.50,000, மூன்றாவதற்கு ரூ.45,000. மானியம் போக முதல் கிலோவாட்டுக்குக் கைப்பணம் ரூ.20,000. ஆண்டுக்கு ரூ.10,830 மிச்சமாவதால் இரண்டே ஆண்டில் முதல் திரும்பிவிடும். இரண்டாவதற்கும் ரூ.20,000, நான்கு ஆண்டுக்குள் திரும்பும். மூன்றாவதற்குக் கைப்பணம் ரூ.27,000, ஆண்டு மிச்சம் ரூ.270. நூறு ஆண்டு ஆகும்! பேனலுக்குத் தரும் உத்தரவாதமோ 25 ஆண்டுதான். கடை விலை இந்த அடிப்படை விலையைவிடக் கூடுதலாக இருந்தால் ஆண்டுகளும் கூடும்.

அதே மூன்று கிலோவாட், 800 யூனிட் ஓடும் வீட்டுக்கு மிகப் பொருத்தம். அங்கே ரூ.4,550 பில் வருகிறது. மூன்று கிலோவாட் போட்டால் நிகரம் 80 யூனிட். இலவச 100-க்குள் அடங்கி, கட்டவேண்டியது ஒன்றுமில்லை. மாறாக, 200 யூனிட்டில் காலம் தள்ளும் வீட்டின் பில்லே ரூ.225 என்பதால், அங்கே கடன் வாங்கிப் பேனல் போடுவது வட்டிக்குக்கூடக் காணாது.

மிஞ்சும் யூனிட் அடுத்த பில்லுக்கு வரவாக வரும் என்பது உண்மை. மழைக்காலக் குறைவை ஈடுகட்ட அது உதவும். ஆனால் வாங்கும் விலைக்கே வாரியம் திருப்பி வாங்கிக் கொள்ளும் என்று நம்பி, கூரை முழுதும் பேனல் பரப்பக் கூடாது. ஓரிரு ஆண்டில் மின் ஸ்கூட்டரோ இன்னொரு ஏ.சி.யோ வாங்கும் எண்ணம் இருந்தால், அந்த யூனிட்டையும் சேர்த்து அளவைத் தீர்மானிக்கலாம்.

நெட்வொர்க் கட்டணம்

2021 அக்டோபரில் ஆணையம் விதித்த நெட்வொர்க் கட்டணம் பெரிய சச்சரவைக் கிளப்பியது. கம்பிக்குப் போகும் யூனிட்டுக்கு மட்டுமல்லாமல், பேனலில் விளையும் யூனிட் முழுவதற்கும் அது கணக்கிடப்படுகிறது. தன் கூரையில் விளைந்து தன் தறியிலேயே தீர்ந்த மின்சாரத்துக்கு எதற்கு வாடகை என்று தொழில் நடத்துவோர் கேட்டனர். இரவிலும் மழையிலும் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் தேவைப்படுகிறதே, அந்தச் செலவை யார் தாங்குவது என்பது வாரியத்தின் வாதம். மின் கட்டணம் ஏறியதற்கு வீதிக்கு வந்த கொங்கு விவசாயிகளுக்கு இந்த வழக்கு புதிதல்ல. சிறு தொழில்களுக்கு இக்கட்டணம் பாதியாகக் குறைக்கப்படும் என்று 2023-ல் மாநில அரசு அறிவித்தது. வீட்டுக்குப் போடுகிறவர்கள், தங்கள் அளவுக்கு இக்கட்டணம் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதைப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, மேலே சொன்ன மிச்சத்திலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். விற்பனையாளரின் தாளில் இந்த வரி பெரும்பாலும் இருக்காது.

ஏமாற்றம் தரும் இடங்கள்

மின்தடையின்போது இந்தப் பேனலும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே அணைந்து கொள்ளும்படி செய்யப்பட்டுள்ளது. நல்ல வெயிலில் வீடு இருட்டாக இருக்கிறதே என்று பிறகு வருந்திப் பயனில்லை; தடையின்போதும் வேண்டுமென்றால் பேட்டரி தனிச் செலவு.

வீட்டு மீட்டரில் மிஞ்சியதைக் கோழிப்பண்ணை மீட்டரிலோ, தறி மீட்டரிலோ கழிக்க முடியாது. தோட்டத்து மோட்டாருக்கு ஏற்கெனவே இலவச மின்சாரம். அங்கே கழிக்கவும் ஒன்றுமில்லை. இணைப்பு இறந்துபோன தகப்பனார் பேரிலேயே இருந்தால், முதலில் பெயர் மாற்றம் செய்துவிட்டு மானியத்துக்கு மனுச் செய்வது நல்லது. அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்கு மேல் பேனல் போட முடியாது என்பதால் அதையும் அட்டையில் பார்த்துக் கொள்ள வேண்டும்.

ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய 100 சதுர அடி இடம் பிடிக்கும். மாடியில் கடலை, மிளகாய் காயப்போடும் வீடுகள் தாங்கியை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி அமைத்துக் கொண்டால் இரண்டு வேலையும் நடக்கும். தென்னை நிழல் ஒரு மூலையில் விழுந்தாலும் வரிசை முழுவதும் உற்பத்தி குறையும். தீவன ஆலை, கோழிப்பண்ணை, லாரி ஓடும் மண்பாதை இவற்றின் பக்கத்தில் தூசி சீக்கிரம் படியும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை விடியற்காலையில், பேனல் சூடேறும் முன் தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும். உப்புத்தண்ணீர்க் கிணறாக இருந்தால் வெள்ளைப் படிவம் தங்கிவிடும். அங்கெல்லாம் மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக் கொள்ளலாம்.