கரை தள்ளிப் போகும்போது
(கப்பற்றொழிலாளர்க்கு ஒரு பாடம்)



கோபர்கைரனேயிலும் செம்பூரிலும் தாராவியிலும் உள்ள நம் குடும்பங்களினின்று கப்பல் வேலைக்குச் செல்லும் இளைஞர்களையும், அவர்தம் பெற்றோரையும் முன்னிட்டு இப்பாடம் எழுதப்படுகின்றது. அத்தொழிலில் புயலைக் காட்டிலும் மனத்தை அலைக்கழிப்பது கடைசி நேர மாற்றமேயாகும். இறங்க வேண்டிய துறைமுகம் மாறும். மாற்றாளாக வர வேண்டியவன் வாரான். சரக்கிறக்க இடமின்றிக் கப்பல் வாரக்கணக்கில் நங்கூரத்திற் கிடக்கும். கிழக்கு நோக்கிச் செல்லுங்கால் கடிகாரமுங்கூட ஒரு மணி முன்னே தள்ளப்பட்டு, அன்றைய உறக்கத்தில் ஒரு மணி குறையும்.

பம்பாய் ஆலை வாசல்களில் பத்லிகளாய் நின்று பழகிய எம்போன்றோர்க்கு இந்நிச்சயமின்மை புதிதன்று. சங்கு ஊதிய பின்னும், அன்று வேலை உண்டோ இல்லையோ என்பது மேஸ்திரி கைகாட்டும் வரை தெரியாது. ஆயினும் வேலை கிட்டாத பத்லி திரும்பிச் சென்று தன் வீட்டிற் படுப்பான். கப்பலாளுக்கோ வீடும் ஆலையும் ஒன்றே. எவன்மீது சினங்கொண்டானோ அவனோடேயே இரவுச் சோறும் உண்ண வேண்டும்.

2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் உலகெங்கும் சற்றேறக்குறைய 4 இலட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க வழியின்றிக் கப்பல்களிலேயே இருந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதம், ஆஸ்திரேலிய நிலக்கரியை ஏற்றிச் சென்ற 'ஜக் ஆனந்த்' என்னும் இந்தியக் கப்பல் சீனத்து ஜிங்டாங் துறைமுகத்தருகே நங்கூரமிட்டது. அதில் நம் நாட்டு மாலுமிகள் 23 பேர் இருந்தனர். சரக்கை இறக்கவும் அனுமதியில்லை, ஆட்களை மாற்றவும் அனுமதியில்லை. நோய்க் கட்டுப்பாட்டைச் சீனா காரணங் காட்டிற்று. அவ்விரு நாடுகளுக்கும் மூண்டிருந்த வணிகப் பூசலும் பின்னணியில் உண்டெனப் பலர் கருதினர். அரை ஆண்டுக்கும் மேல் கழிந்து, 2021 ஜனவரியில், கப்பல் ஜப்பானின் சிபாவுக்குச் சென்றது. அங்கிருந்தே அவர்கள் தாயகம் திரும்பினர்.

இங்கே ஒன்று ஆராயத்தக்கது. ஒப்பந்தத்தின் நடுவில் ஒருவன் செய்யும் வேலையும், ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அவன் செய்யும் வேலையும் வேறல்ல. அதே நான்கு மணிக் காவல், அதே எண்ணெய் நாற்றம், அதே துருவைச் சுரண்டல். ஆயினும் பிந்தையது பன்மடங்கு கனக்கின்றது. ஏன்? உடல் கப்பலில் இருக்க, மனம் பெட்டி கட்டிக்கொண்டு முன்னமே ஊர் சேர்ந்துவிட்டது. ஆதலின் நாட்காட்டியில் இறங்கும் நாளை வட்டமிட்டு நோக்குதலை விடுத்து, இன்றைய காவலை மட்டும் எண்ணுக. காவல் முடிந்ததும் குளித்து, உண்டு, வாய்த்த ஓய்வில் உறங்குக. உறக்கங் கெட்டவனுக்கு எந்தச் செய்தியும் கெட்ட செய்தியே.

கி.பி. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையினின்று கப்பலேறிய சீனப் பிக்கு பாகியான் தம் பயணத்தைத் தாமே எழுதி வைத்துள்ளார். புயலில் கப்பல் ஒழுகிற்று. வணிகர் பாரம் எறிந்தனர். அவரும் தம் குண்டிகையை எறிந்தார், சுவடிகளை எறியவில்லை. 90 நாட்களுக்கு மேல் அலைந்து ஒரு தீவையடைந்து, ஐந்து மாதம் தங்கி, 50 நாட்களுக்குரிய உணவோடு வேறு கப்பல் ஏறினார். 70 நாட்கள் கடந்தும் கரை தென்படவில்லை. கடல்நீரிற் சமைத்து, குடிநீரை அளந்து பங்கிட்டனர். இப்பிக்குவால் வந்த கேடு இது, இவரைத் தீவொன்றில் இறக்கிவிடுவோம் என்று உடன் சென்ற பிராமணர் சிலர் கூறியபோது, அவருக்கு ஆதரவாய் நின்ற ஒருவர், அவரை இறக்கின் என்னையும் இறக்குக, இன்றேல் சீனத்து அரசனிடம் முறையிடுவேன் என்று தடுத்தார். குவாங்சோவுக்குப் புறப்பட்டவர் வடக்கே வெகுதொலைவில் ஷாண்டுங் கரையில் இறங்கினார். புயலைப் பொறுத்தனர், அநீதியைப் பொறுக்கவில்லை. இவ்விரண்டையும் குழப்பி, எல்லாம் அநித்தியம் என்று வாய்மூடியிருப்பது தம்மமாகாது.

ஆகவே மாற்றம் எங்கிருந்து வந்தது என்று முதலில் விசாரிக்க வேண்டும். காற்றாலும் நோயாலும் வந்ததாயின் பொறுக்க. முதலாளியின் சிக்கனத்தால் வந்ததாயின் சட்டத்தை நோக்குக. 2006-ஆம் ஆண்டுக் கடற்றொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 24 மணியில் 10 மணியும், ஏழு நாளில் 77 மணியும் குறையாத ஓய்வு வேண்டும். பன்னிரண்டு மாதம் நிறையுமுன் ஊர் திரும்பும் உரிமையுண்டு. வழிச்செலவு கப்பலுடையவனைச் சேர்ந்தது. இரண்டு மாதச் சம்பளம் நின்றாலே கைவிடப்பட்டவனாகக் கருதப்படுவான். அதற்குரிய காப்புறுதிச் சான்று கப்பலில் எல்லோரும் காணுமிடத்தில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஏறிய முதல் நாளே அதைப் பார்த்து வைக்க. மும்பையில் கப்பற்றுறைத் தலைமை இயக்குநரகமும், மாலுமிகளின் சங்கமும் உள்ளன.

உழைத்த நேரத்தை ஓய்வென்று ஏட்டில் எழுதிக் கையெழுத்திடச் சொல்வதும் சில கப்பல்களில் வழக்கம். நான்காம் சீலம் அங்கேதான் சோதிக்கப்படும். உண்மை நேரத்தைத் தனிக் குறிப்பேட்டிலாவது நாள்தோறும் எழுதி வைக்க. முறையிடுங்கால் அதுவே சாட்சி.

வீட்டிலுள்ளோர்க்கும் ஒரு சொல். மகன் இறங்கும் நாளைக் கணக்கிட்டு மறுவாரமே திருமணத்திற்கு மண்டபம் பேசாதீர்கள். இரண்டு மாத இடைவெளி விடுங்கள். ஒப்பந்தத்தின் நகலையும், அனுப்பிய நிறுவனத்தின் முகவரியையும் வாங்கி வையுங்கள். தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் "எப்போது வருவாய்?" என்று வினவாதீர்கள், அதற்கு அவனிடமும் விடையில்லை. இன்று என்ன சாப்பிட்டாய், எத்தனை மணி உறங்கினாய் என்று கேளுங்கள்.