வேலியோரத்து ஏழு முட்டைகள்

விருத்தாசலம்,
வைகாசி.

அன்பு மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரி பெரியப்பா" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு முட்டை, வெளிறிய பால் நிறம், ஒரு புள்ளிகூட இல்லை. வேலிக்காத்தான் தூரில், காய்ந்த புல்லுக்கு அடியில், கையகலப் பள்ளம். காடை முட்டையா என்று கேட்டிருக்கிறாய். காடை முட்டை என்றால் பழுப்புத் திட்டும் புள்ளியும் இருக்கும். இது கவுதாரி. காலையில் கொல்லைக்குள் நுழையும்போதே இரண்டு குரலாகச் சேர்ந்து கத்துகிறதே, அந்தச் சோடிதான்.

திங்கட்கிழமை ஜேசிபி வருகிறது, வேலியைப் பிடுங்கிக் கம்பி போடப்போகிறேன், முட்டையை அடைக்கோழிக்கு வைத்துப் பொரிக்கப்போகிறேன் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னாய். மூன்றுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வேலிப் பக்கம் மூன்று வாரம் கை வைக்காதே.

ஏன் மூன்று வாரம் என்றால், கவுதாரி முட்டை அடையில் இருப்பது ஏறக்குறைய அவ்வளவு நாள்தான். முட்டையெல்லாம் இட்டு முடித்த பிறகே பெட்டை அடையில் உட்காரும். அதனால் முன்னே இட்டதும் பின்னே இட்டதும் ஒன்றாகவே பொரியும். சேவல் அடை காக்காது. பக்கத்திலேயே எங்காவது காவல் நிற்கும். குஞ்சுகள் உடம்பு காய்ந்ததுமே தாய் தகப்பன் பின்னால் நடக்க ஆரம்பித்துவிடும். குருவிக் குஞ்சுபோலக் கூட்டில் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதெல்லாம் இந்தச் சாதிக்குக் கிடையாது. பொரித்த மறுநாள் போய்ப் பார்த்தால் ஓட்டுத் துண்டுகள்தான் இருக்கும். அந்தத் துண்டுகளைப் பார்த்த பிறகு ஜேசிபிக்காரனைக் கூப்பிடு.

அதுவரை தினமும் போய்ப் பார்க்கிற வேலையும் வேண்டாம். நீ புல்லை விலக்கிப் படம் எடுத்த இடம் காகத்துக்குத் தெரியும். உன் செருப்பு பட்டுப் படிந்த தடத்தில் கீரி வரும், நாய் வரும், உடும்பும் வரும். கவுதாரிக்கு உள்ள ஒரே பாதுகாப்பு அதன் நிறமும் அசையாமல் இருக்கிற பொறுமையும். கிட்டே போகிறவரை பெட்டை எழுந்திருக்காது. எழுந்தால் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டுதான் எழும். அந்தச் சத்தம் ஊருக்கே இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

அடைக்கோழி யோசனைக்கு வருகிறேன். பொரியாது என்று சொல்லமாட்டேன், பொரியும். மனுசன் கையில் வளர்ந்த கவுதாரி நாய்க்குட்டியாட்டம் பின்னாலேயே வரும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வரும். அதுதான் வினை. வடக்கே சண்டைக்கு வளர்க்கிறவர்கள் இதை நம்பித்தான் வளர்க்கிறார்கள். சேவலின் காலில் முள் இருக்கிறது, கோபமும் அதிகம். வலைக்காரர்கள் பழக்கின கவுதாரியைக் கூண்டில் வைத்து, சுற்றிலும் கண்ணி கட்டிக் கத்தவிடுவார்கள். தன் எல்லைக்குள் எவன் கத்துகிறான் என்று பார்க்க வருகிற சேவல் கண்ணியில் மாட்டும். நீ போனில் கவுதாரிச் சத்தத்தைப் போட்டுக் காட்டினால் சேவல் ஓடி வந்து நிற்கிறது என்று பெருமையாகச் சொன்னாயே, நீ செய்ததும் அதே வேலைதான், கண்ணி மட்டும் இல்லை. அடை நேரத்தில் சேவலைக் காவலிலிருந்து இழுத்து உன் போனோடு சண்டைக்கு நிறுத்தாதே.

சட்டமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்பதற்குச் சுடுவது, பிடிப்பது மட்டும் அர்த்தமில்லை; பாதுகாக்கப்பட்ட பறவையின் முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும் அதற்குள்ளேயே அடங்கும். கவுதாரியும் காட்டுக் காடையும் அந்தப் பாதுகாப்பில் உள்ளவை. "நாட்டுக் கவுதாரி, ஜோடி இவ்வளவு" என்று நீ போட நினைக்கிற விளம்பரம் வனத்துறைக்காரன் கண்ணில்தான் முதலில் படும்.

காடை வியாபாரம்தான் மனசில் இருக்கிறது என்றால் அதைத் தனியாகச் செய், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. கடையில் விற்கிற காடை ஜப்பானியக் காடை. பண்ணைப் பறவையாகவே மாறிப்போனது. ஐந்து வாரத்தில் விற்பனைக்கு வந்துவிடும், ஆறேழு வாரத்தில் முட்டை இடும். அடை உட்காரத் தெரியாது, இன்குபேட்டர் வேண்டும். நந்தனம் கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய ரகங்கள் இருக்கின்றன. கால்நடை மருத்துவரிடம் விவரம் கேட்டுக்கொண்டு ஷெட் போடு. ஒன்று மட்டும் சொல்கிறேன். விலை இறங்கிவிட்டது, தீவனம் ஏறிவிட்டது என்று பறவைகளைக் கொல்லையில் திறந்துவிட்டுவிடாதே. ஸ்பெயினில் வேட்டைக்காகத் திறந்துவிட்ட பண்ணைக் காடைகள் காட்டுக் காடைகளோடு கலந்து கலப்பினம் உண்டாக்கியதை அங்கே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். நம் பக்கம் பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வந்துபோகிற காடை அந்த இனத்தின் சொந்தக்காரன்.

காடை என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் கொல்லையில் மல்லாட்டை போடுகிற பக்கத்தில் சாயங்காலம் மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு உறுமல் கேட்கும். எங்கேயோ மோட்டார் ஓடுகிறது என்று உன் அப்பா நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தான். அது பறவை. எல்லோரும் காடை என்றுதான் சொல்கிறோம், உண்மையில் அது காடைக் குடும்பமே இல்லை. உள்ளான், ஆலா வகையோடுதான் அதற்கு உறவு. காலைப் பார்த்தால் மூன்று விரல்தான், பின்விரல் கிடையாது. அந்தச் சாதியில் பெட்டைதான் பெரிசு, கழுத்தில் கறுப்பும் பெட்டைக்குத்தான், உறுமுவதும் பெட்டை, இன்னொரு பெட்டையோடு சண்டை போடுவதும் பெட்டை. முட்டை இட்டதும் சேவலிடம் ஒப்படைத்துவிட்டு அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும். சேவல் பன்னிரண்டு, பதிமூன்று நாள் அடை காத்துக் குஞ்சுகளையும் தானே வளர்க்கும். உன் பெரியம்மாவிடம் இதைச் சொன்னதும் "நல்ல ஏற்பாடு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மழைக் காடை வேறே. ஆடிக்குப் பிறகு மழை விழுந்து புல் எழும்பினால் "விட்-விட்" என்று சின்னச் சீட்டி அடிக்குமே, அது. நெஞ்சில் கறுப்புத் திட்டுள்ளது சேவல். அதற்கு அறிவியல் பெயர் நம் சோழமண்டலக் கடற்கரையை வைத்து வந்தது, கவுதாரிக்குப் புதுச்சேரியை வைத்து. பிரெஞ்சுக்காரர் சொன்னேரா இந்தக் கரையில் பார்த்து எழுதியதை வைத்துக்கொண்டு, 1789இல் ஜெர்மனியில் க்மெலின் கவுதாரிக்கு அந்தப் பெயரைக் கொடுத்தார். உலகப் புத்தகங்களில் பெயர் இப்படி ஏறியிருக்க, நம்ம ஊர் செராமிக் பொம்மைகளில் மயில் வார்க்கிறோம், கிளி வார்க்கிறோம், அன்னம்கூட வார்க்கிறோம். கவுதாரிக்கு அச்சு எடுத்தவனை நான் வேலை பார்த்த காலத்தில் பார்த்ததில்லை. சாம்பலும் பழுப்பும் விற்காது என்பார்கள். மயில் மட்டும் எங்கும் விற்கும். அதுவும் கவுதாரி குடும்பம்தான், 1963இல் தேசியப் பறவையாகிவிட்டது. மல்லாட்டையைக் கொத்துகிறது என்று பக்கத்துக் கொல்லைக்காரர் விஷம் வைக்கப் பேசினால் நீ அந்தப் பேச்சில் உட்காராதே.

குஞ்சு பொரித்த பிறகுதான் விசயமே இருக்கிறது. பெரிய கவுதாரி தானியம், புல் விதை, கரையான், வண்டு எல்லாம் தின்னும். முதல் இரண்டு வாரக் குஞ்சுக்கு விதை ஆகாது, புழு பூச்சிதான் வேண்டும். இங்கிலாந்தில் அங்குள்ள கவுதாரி இனம் தானிய வயல்களில் ஏன் காணாமல் போகிறது என்று டிக் பாட்ஸ் என்பவர் சசெக்ஸ் பகுதியில் 1968 முதல் கணக்கெடுத்துப் பார்த்தார். வேட்டை மட்டும் காரணமில்லை. களைக்கொல்லி அடித்ததில் களை போயிற்று, களையில் இருந்த பூச்சி போயிற்று, குஞ்சுகள் பட்டினியில் செத்தன. அதன் பிறகு வயல் ஓரத்தில் சில மீட்டர் மருந்து படாமல் விடுகிற வழக்கத்தை அங்கே சிலர் கொண்டுவந்தார்கள்.

உன் முந்திரித் தோப்புக்கும் இதையே சொல்கிறேன். தேயிலைக் கொசுவுக்கு மருந்து அடிக்காமல் முடியாது, எனக்குத் தெரியும். காசர்கோட்டில் அதற்காகத்தான் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் கொட்டினார்கள். அதில் முடங்கின பிள்ளைகளைப் பார்த்த பிறகு, 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தையே நிறுத்தியது. நீ தளிரையும் பூவையும் பார்த்து அளவாய் அடி. வேலியோரத்து இரண்டு வரிசைக்கு அடியில் களைக்கொல்லி மட்டும் தொடாதே. கொட்டை பொறுக்க வசதியாய் இருக்கட்டும் என்று சருகை ஒட்டக் கூட்டி எரிக்கிறார்களே, அதையும் மரத்தடி வட்டத்தோடு நிறுத்து. வேலியோரச் சருகில் கரையான் இருக்கும், கவுதாரி காலால் கிளறிக்கொண்டே போகும். புழுதிச் செம்மண்ணில் புரண்டு குளிப்பதற்கும் அந்த ஓரம்தான் வேண்டும்.

இனி வேலி. வேலிக்காத்தானை வைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. 2017இல் மதுரைக் கிளை நீதிமன்றம் பிடுங்கச் சொன்னபோது நானும் கைதட்டினேன். ஆனால் இருபது வருசம் அதை விட்டால் வேறு முள் இல்லை என்று ஆக்கிவைத்தது நாம்தான், அதற்குள் கவுதாரி குடியேறிவிட்டது. அது தரையில் மேய்ந்தாலும் ராத்திரி தாழ்வான முள்மரத்தில் ஏறித்தான் உறங்கும். ஒரே நாளில் நானூறு அடி வேலியைப் பிடுங்கினால் அன்று சாயங்காலமே போக்கிடம் கிடையாது, கம்பியில் ஏறி உட்காரவும் முடியாது. துபாயில் இருக்கிற உன் அண்ணன் பூங்காவில் கவுதாரி மேய்கிற வீடியோ அனுப்பினானே, அந்தப் பாலைவனத்தில்கூட பூங்காக்காரன் நட்ட புதர் இருப்பதால்தான் அது இருக்கிறது.

எனவே துண்டு துண்டாகப் போ. இந்த வருசம் தெற்குப் பக்கம் மட்டும் எடு, அங்கே கிளுவைப் போத்து நடு, இடையிடையே சூரையும் காரையும் தானாக வரும். கிளுவை தளிர் விட்டு நிமிர்ந்த பிறகு மேற்கைத் தொடு. வடக்குப் பக்கம், முட்டை இருக்கிற பக்கம், கடைசி. கம்பி போட்டே ஆகவேண்டும் என்றால் அடிக்கம்பியைத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிக் கட்டு. கவுதாரி பறப்பதைவிட ஓடத்தான் விரும்பும், குஞ்சுக்குப் பறக்கவே வராது. வலைக்கம்பி வேண்டாம்.

செலவு கூடும்தான். கிளுவைப் போத்து வெட்டிக்கொள்ள நம் பழைய கொல்லை வேலியில் நிறைய இருக்கிறது, மழை பிடித்ததும் வந்து வண்டியில் ஏற்றிக்கொள்.

ஜேசிபிக்காரனுக்குக் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்டால் தரமாட்டான், கேட்காதே. தானே புயலில் சாய்ந்த முந்திரிக் கட்டைகள் கிழக்குப் பக்கம் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. 2011லிருந்து உன் அப்பா தோண்டுகிறேன் தோண்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டான். திங்கட்கிழமை அந்த வேலையைக் கொடு. குழியை மூடாமல் வைத்தால் அதிலேயே வி.ஆர்.ஐ. 3 முந்திரிக் கன்று வைக்கலாம், ஆராய்ச்சிப் பண்ணையில் கன்று எப்போது கொடுப்பார்கள் என்று நான் விசாரித்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பெரியப்பா