சரக்கு வண்டிக்குக் கியர் ஆயில் மாற்றுவது எப்படி?

மளிகை, மண்டி வியாபாரம் செய்யும் நம்மில் பலரிடம் இன்று சொந்தச் சரக்கு வண்டி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வந்து, ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்த பிறகு, வாடகை வண்டிக்குக் காத்திருந்த சிறு வியாபாரிகள்கூடத் தாமே வண்டி வாங்கிக்கொண்டார்கள். அதைவிடப் பெரிய பொலீரோ பிக்கப் போன்றவையும் கடைவீதிகளில் சாதாரணமாகிவிட்டன. வண்டி வாங்கியவர்கள் இஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறார்கள். கியர் பெட்டிக்குள்ளும் ஓர் ஆயில் இருக்கிறது, அதற்கும் ஆயுள் உண்டு என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

டிரைவரைக் கேட்டால், "அது எரியிற ஆயில் இல்லீங்க முதலாளி, அப்படியே கிடக்கும்" என்பார். இது பாதி உண்மை. இஞ்சின் ஆயில் நெருப்புக்கு அருகில் வேலை செய்வதால் கரி சேர்ந்து கறுக்கிறது. கியர் பெட்டியில் நெருப்பு கிடையாது. ஆயில் எரிந்து குறைவதும் இல்லை. ஆனால் பல்சக்கரங்கள் உரசும்போது இரும்புத்தூள் உதிர்கிறது. அந்தத் தூள் ஆயிலோடு சுற்றிச் சுற்றிப் பேரிங்குகளைத் தேய்க்கிறது. சூட்டிலும் நசுக்கலிலும் ஆயிலின் கெட்டித்தன்மை குறைந்துபோகிறது. இஞ்சினில் ஆயில் ஃபில்டர் இருக்கிறது. சிறு வண்டிகளின் கியர் பெட்டியில் பெரும்பாலும் அப்படி எதுவும் இல்லை. உதிர்ந்ததெல்லாம் நாம் வடித்து எடுக்கும் வரை உள்ளேயே கிடக்கும்.

ஆயிலின் விலை ஒரு சிப்பம் அரிசி விலைக்குள் அடங்கிவிடும். பெட்டியை இறக்கி, பிரித்து, பல்சக்கரமும் பேரிங்கும் மாற்றினால் ஆகும் செலவு எத்தனையோ மடங்கு. அதைவிடப் பெரிய நஷ்டம், வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்கள். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் வாரத்தில் வண்டி நின்றால் என்ன ஆகும் என்பதை நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எப்போது மாற்றுவது? வண்டியோடு வந்த கையேட்டில் கிலோமீட்டர் கணக்கு இருக்கும். 40,000 என்றும் 80,000 என்றும் வண்டிக்கு வண்டி மாறும். அந்தக் கணக்கு நியாயமான பாரம் ஏற்றி, நல்ல சாலையில் ஓடும் வண்டிக்கு உரியது. நம் வண்டிகள் அப்படியா ஓடுகின்றன? கடைக்குக் கடை நின்று, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக ஊர்ந்து, அனுமதித்த எடைக்கு மேலேயும் சில மூட்டைகளைச் சுமக்கின்றன. இப்படிப்பட்ட வண்டிக்குக் கையேடு சொல்வதற்கு முன்னதாகவே மாற்றுவதுதான் உத்தமம். புது வண்டியில் ஆரம்பத் தேய்மானத் தூள் அதிகம் என்பதால் முதல் மாற்றத்தைத் தள்ளிப்போடவே கூடாது.

காலையில் வண்டியை எடுத்ததும் இரண்டாவது கியர் விழ மறுப்பது, மாற்றும்போது 'கர்ர்' என்ற சத்தம், ஓடும்போது கியர் தானாக நழுவுவது ஆகியவை பெட்டியைக் கவனிக்கச் சொல்லும் அடையாளங்கள். ஒன்றை மட்டும் பிரித்தறிய வேண்டும். இஞ்சின் ஓடும்போது எல்லாக் கியரும் முரண்டு பிடித்து, இஞ்சினை அணைத்தால் சுலபமாக விழுகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் கிளட்சில்தான். அதற்குக் கியர் ஆயிலை மாற்றிப் பயனில்லை.

அடுத்தது எந்த ஆயில் என்பது. அதிகத் தவறு நடப்பது இங்கேதான். டின்னில் ஜி.எல். 4, ஜி.எல். 5 என்று போட்டிருக்கும். எண் பெரியது என்றால் சரக்கு உயர்ந்தது என்று எண்ணி 5-ஐ வாங்குபவர்கள் உண்டு. பின் அச்சின் நடுவிலுள்ள கிரௌனில் பற்கள் அதிக அழுத்தத்தோடு சறுக்கிக்கொண்டு சுற்றுகின்றன, அதற்காக ஜி.எல். 5-இல் கந்தகம் சேர்ந்த மருந்து கூடுதலாகக் கலக்கப்படுகிறது. கியர் பெட்டிக்குள்ளோ பித்தளை வளையங்கள் இருக்கின்றன. கியர் மாற்றும்போது இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் உரசிச் சமப்படுத்துவது அவற்றின் வேலை. அந்த மருந்து சில சமயம் பித்தளையை அரிக்கும்; வளையம் பிடிக்க வேண்டிய இடத்தில் வழுக்கவும் செய்யும். ஆகவே கையேட்டில் ஜி.எல். 4 என்றிருந்தால் அதையே வாங்குங்கள். இரண்டு இடத்துக்கும் ஒரே ஆயில் என்று கம்பெனியே எழுதியிருந்தால் சரி. மெக்கானிக் வாய்ச்சொல்லை நம்பி ஒரே டின்னை இரண்டிலும் ஊற்ற வேண்டாம்.

கெட்டித்தன்மைக்கு 80 டபிள்யூ 90 என்பது போல ஓர் எண் உண்டு. இஞ்சின் ஆயிலின் 40, 50 ஆகியவற்றோடு இதை ஒப்பிடக் கூடாது. நம் கடையில் படிக்கணக்கும் கிலோக்கணக்கும் வேறு என்பது போல, இரண்டுக்கும் அளவுகோல் வேறு. மெல்லிய ஆயில் கேட்கும் பெட்டியில் கெட்டியானதை ஊற்றினால் குளிர்ந்த வேளையில் கியர் விழாது.

இனி வேலைக்கு வருவோம். சரக்கை இறக்கிவிட்டு, வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டி வரவும். ஆயில் இளஞ்சூடாக இருந்தால்தான் தூளோடு சேர்ந்து வடியும். சமதரையில் நிறுத்தி, கைபிரேக் போட்டு, சக்கரங்களுக்கு மரக்கட்டை கொடுக்கவும். குழியோ தளமோ உள்ள இடமே நல்லது. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது.

பெட்டியின் பக்கவாட்டில் ஆயில் ஊற்றும் பிளக்கும், அடியில் வடிக்கும் பிளக்கும் இருக்கும். முதலில் கழற்ற வேண்டியது மேலே உள்ள ஊற்றும் பிளக்கைத்தான். வடிப்பதற்கு அதை ஏன் கழற்ற வேண்டும் என்று தோன்றும். எங்கள் பகுதிக் கடைக்காரர் ஒருவர் வண்டியில் இதை முன்பின்னாகச் செய்துவிட்டார்கள். ஆயில் முழுவதும் வடிந்த பிறகுதான் மேல் பிளக் துருப்பிடித்து இறுகியிருப்பது தெரிந்தது. அடித்துத் திருப்பியதில் அதன் தலையும் மழுங்கியது. ஊற்றவும் வழியில்லை, ஓட்டவும் வழியில்லை. வண்டி இரண்டு நாள் அங்கேயே நின்றது. வெங்காய மூட்டைகளை வேறு வண்டியில் மாற்ற வேண்டியதாயிற்று.

வடிந்த ஆயிலை நின்று பாருங்கள். டிரைவரிடம் விட்டுவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிடாதீர்கள். வடிக்கும் பிளக்கில் பெரும்பாலும் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருப்பது சாதாரணத் தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். விரலில் குத்தும் துண்டுகளோ பல்லின் உடைசலோ இருந்தால் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. ஆயிலில் மஞ்சள் மினுமினுப்பு இருந்தால் பித்தளை வளையம் தேய்கிறது. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

தண்ணீர் எப்படிப் புகும்? பெட்டியின் மேல் காற்றுப் போக்குக்கு ஒரு சிறு துளை உண்டு. சூடான பெட்டி வெள்ளத்தில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, அந்தத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பகுதிகளில் வந்தது போன்ற வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால், கிலோமீட்டர் கணக்குப் பாராமல் கியர் ஆயிலையும் கிரௌன் ஆயிலையும் மாற்றியாக வேண்டும். அந்தத் துளை சேற்றில் அடைபட்டிருந்தால், உள்ளே அழுத்தம் கூடி சீல் வழியாக ஆயில் கசியத் தொடங்கும். அதையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

வடிக்கும் பிளக்கைப் புது வாஷரோடு மாட்டி, கைபம்பினால் மெதுவாக ஊற்றவும். பொதுவாக ஊற்றும் துளையின் விளிம்புக்கு வந்து வழியத் தொடங்கினால் அளவு சரி. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று, தராசில் கொசுறு போடுவது போல இங்கே போடக் கூடாது. கூடினால் நுரைக்கும், சீலைத் தள்ளிக்கொண்டு வந்து கிளட்ச் பிளேட்டை நனைக்கும்.

மளிகைக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய இன்னொன்று. இந்த வேலைக்குக் கடையிலுள்ள எண்ணெய்ப் புனலையோ அளவுச் செம்பையோ கொடுத்துவிடாதீர்கள். எத்தனை கழுவினாலும் கியர் ஆயில் முழுவதும் போகாது. அடுத்து அளக்கும் நல்லெண்ணெயில் கலந்துவிடும். மீதமுள்ள டின்னை அரிசி, மாவு மூட்டைகளோடு வண்டியில் ஏற்றவும் வேண்டாம். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், கழிவு எண்ணெய் சேகரிக்க அங்கீகாரம் பெற்றவர்களிடம் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

ஆயிலைச் சீல் உடையாத டின்னில், பில்லோடு வாங்கவும். வியாபாரத்துக்கு ஓடும் சரக்கு வண்டியின் ஆயிலுக்கும் ரிப்பேருக்கும் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இது கிடையாது. தேதி, கிலோமீட்டர், ஆயிலின் வகை மூன்றையும் கடை நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டு நாள் ஓட்டிய பின், இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையை விரித்து, காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.