காய்ச்சல் நீங்கிய பின் தோன்றும் தோல் நோய்

காய்ச்சல் தணிந்தவுடன் நோய் அறவே ஒழிந்தது என்று கொள்வது மக்களின் இயல்பு. காலா அசார் என்னும் கருங்காய்ச்சலில் இக்கருத்து சிலரிடம் பொய்த்துவிடுகிறது.

லீஷ்மேனியா டோனவானி என்னும் நுண்ணுயிரால் விளையும் இந்நோய், மணல் ஈயின் கடியால் பரவுகிறது. நெடுநாட் காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், இரத்தசோகை ஆகியவை இதன் குறிகள். 1903-ஆம் ஆண்டில் சென்னையில் டோனவானும் இங்கிலாந்தில் லீஷ்மனும் இக்கிருமியைத் தனித்தனியே கண்டு வெளியிட்டமையால், இருவர் பெயரும் அதற்கு வழங்கலாயிற்று. அண்மைக் காலத்தில் இந்நோய் பெரும்பாலும் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலேயே காணப்பட்டு வருகிறது.

இந்நோய்க்கு யூரியா ஸ்டிபமின் என்னும் மருந்தைக் கண்ட உபேந்திரநாத் பிரம்மச்சாரி, குணமடைந்தோர் சிலரின் தோலில் புதிய மாறுதல்கள் தோன்றுவதை 1922-ஆம் ஆண்டில் விவரித்தார். கிருமிகள் தோலில் எஞ்சியிருப்பதே இதற்குக் காரணம்.

ஓர் உதாரணம் கொள்வோம். பீகாரில் ஒரு கிராமப் பள்ளியில், மாணவன் ஒருவனின் வாயைச் சுற்றியும் கன்னத்திலும் வெளிறிய திட்டுகள் தோன்றுகின்றன. அரிப்பு இல்லை; காய்ச்சல் இல்லை; நன்கு உண்டு விளையாடுகிறான். தொழுநோய் என்று அஞ்சி மற்றப் பிள்ளைகள் அவனருகே அமர மறுக்கின்றனர். ஆசிரியர் தாயை அழைத்து விசாரிக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பையனுக்குக் காலா அசார் கண்டு, ஆஸ்பத்திரியில் குணமாயிற்று என்கிறாள் அவள். அந்த ஒரு விடையே வைத்தியருக்கு வழிகாட்டுகிறது.

தொழுநோய்த் திட்டில் தொடு உணர்ச்சி குன்றுவதும், நரம்புகள் தடிப்பதும் உண்டு. காலா அசாருக்குப் பின் வரும் திட்டில் உணர்ச்சி பொதுவாகக் கெடுவதில்லை. ஆயினும், முகத்தில் தோன்றும் தொழுநோய்த் திட்டிலும் உணர்ச்சி சில வேளை எஞ்சியிருக்கும். ஆதலால், இச்சோதனை ஒன்றையே நம்பி முடிவு செய்தலாகாது. தோலிலிருந்து எடுத்த மாதிரியை நுண்பெருக்கியால் ஆராய்ந்து கிருமியைக் காண்பதே உறுதியான சான்றாகும். முன்பு காய்ச்சல் கண்டதாகவே அறியாதவர் சிலரிடமும் இத்திட்டுகள் தோன்றுவதுண்டு.

திட்டுகளால் நோயாளிக்குத் துன்பம் அதிகமில்லை. எனவே அவர் மருத்துவரை நாடுவதில்லை. ஆனால், அவரைக் கடிக்கும் மணல் ஈ கிருமியை ஏற்று, மற்றவருக்குக் காய்ச்சலை உண்டாக்கக்கூடும். ஊரில் நோய் ஒழிந்ததாகத் தோன்றும் காலத்திலும் கிருமி இவ்வாறு மறைந்து வாழ்கிறது. சிகிச்சை பல வாரங்கள் நீடிப்பதால், இடையில் நிறுத்துவோரும் உளர்.

களப்பணியாளரும் ஆசிரியரும் நினைவிற் கொள்ள வேண்டியவை:

1. காலா அசார் கண்ட ஊர்களில், தோலில் திட்டோ முடிச்சோ உடையவரிடம் முன்பு அக்காய்ச்சல் வந்ததா என்று தவறாது கேட்க வேண்டும்.

2. நோயின் பெயரைத் தாமே முடிவு செய்யாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்ப வேண்டும்.

3. எந்த நோயாயினும், பிள்ளையைப் பள்ளியிலிருந்து ஒதுக்கலாகாது. ஒதுக்கப்படுவோம் என்று அஞ்சுபவர் திட்டை மறைப்பார். மறைக்கப்பட்ட திட்டு ஊருக்கே தீங்காகும்.